கட் பண்ணிட்டு நான் கூப்பிடறேன்

டாக்டரம்மா கணுக்காலை உடைத்துக்கொண்டதால் எனக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவரிடமே சொல்லியிருக்கிறேன். உன் வாய்க்கு ஒரு களிம்பு எழுதித் தரணும் என்றார்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். நாலு கம்ப்யூட்டர், ஒரு முதலாளி, கீழே நாளெல்லாம் அண்டாவும் குண்டாவும் மோதிக்கொள்ளும் சத்தம். பள்ளிக்கூடம், நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று யார் கேட்டாலும் வெப்சைட் செய்து கொடுப்போம். டாக்டரம்மாவுக்கும் ஏற்கெனவே ஒன்று செய்திருந்தோம். அதில் டோக்கன் மட்டும் போடலாம், வேறொன்றும் செய்ய முடியாது. அவர் தோல் டாக்டர். வீடு வேலூரில், கிளினிக் ஆம்பூரில். தினமும் மத்தியானம் காட்பாடியில் ரயிலேறிப் போய், சாயங்காலம் முழுக்க பேஷண்ட் பார்த்துவிட்டு வருவார்.

வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஷூ கம்பெனிப் பெண்கள். பசையோ சாயமோ வேர்வையில் ஊறின கையுறையோ, ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாமல் கை வெடித்துப்போய் வருவார்கள். டாக்டரம்மா திட்டுவார். களிம்பு போட்டியா, போடலன்னா எதுக்கு வந்தே என்று அவர் ஆரம்பித்தால் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அவசரமாகத் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள். வாங்கின திட்டை அவரைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தபடி பஸ் ஏறுவார்கள். வேறு டாக்டரிடம் போகச் சொன்னால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள்.

இப்படிப்பட்டவர் தன் வீட்டு வாசல் படியிலேயே வழுக்கி விழுந்தார். காலுக்குக் கட்டு, வெளியே போகக் கூடாது. பெங்களூரிலிருந்து அவருடைய ஒரே மகன் ஓடி வந்தார். அவரும் கம்ப்யூட்டர் ஆள்தான், ஆனால் நான் எழுதும் நிரலைப் பார்த்தால் ஒரு பெருமூச்சு விடக்கூடிய அளவுக்குப் பெரிய ஆள். ஆம்பூர் கிளினிக்கை மூடிவிட்டுத் தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று அவர் அம்மாவிடம் கேட்டார். ரூம் தயாராக இருக்கிறதாம், ஜன்னலுக்கு வெளியே மரம்கூட இருக்கிறதாம். டாக்டரம்மாவுக்கு மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மரத்தைத் திட்ட முடியாதே.

கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கால் சரியாகும்வரை டாக்டரம்மா வீட்டிலிருந்தே போன் மூலம், வீடியோ மூலம் பேஷண்ட் பார்ப்பது. ஒரு வாரம் பார்ப்பது. ஜனங்கள் பேசினால் ஆம்பூர் கிளினிக் இருக்கும். பேசவில்லை என்றால் கிளினிக் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு பெங்களூர். டாக்டரம்மா சரி என்றார். சொன்ன வாக்கை மாற்றுகிற ஆள் அவர் இல்லை. ஆகவே அந்தக் கிளினிக் என் கழுத்தில் வந்து தொங்கியது.

வேலையை ஒப்புக்கொள்ளப் போன அன்று மகன் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அது சிரிப்பில்லை. "என் போனையே அம்மா எடுக்க மாட்டாங்க. கட் பண்ணிடுவாங்க. அவங்களுக்குத் தோணும்போது கூப்பிடுவாங்க, அப்ப நான் மீட்டிங்ல இருப்பேன். பெத்த பிள்ளைக்கே இப்படின்னா, பேஷண்டுக்கு என்ன நடக்கும்னு நினைக்கறீங்க?"

எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாக, இவர் முன்னால் தோற்கக் கூடாது என்று இருந்தது.

வாய்ஸ், வீடியோ இரண்டையும் வைத்தேன். வீடியோ மட்டும் போதும் என்றார் முதலாளி. ஊரைத் தெரியாத பேச்சு. பக்கத்து ஊரான வாணியம்பாடியிலிருந்தும் பேஷண்ட் வருவார்கள். அங்கே பல வீடுகளில் மனைவிக்கு அரிப்பு என்றால் கணவர்தான் பேசுவார், மனைவி பின்னாலிருந்து திருத்துவார். கம்பெனிப் பெண்களிலும் முகம் காட்டக் கூச்சப்படுகிறவர்கள் ஜாஸ்தி. ஆகவே முதலில் குரல், தாங்களாக அழுத்தினால் மட்டும் படம் என்று வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு போனும் மைக்கைத் திறக்கலாமா, கேமராவைத் திறக்கலாமா என்று அனுமதி கேட்கும். நம்மாட்கள் எந்தக் கேள்விக்கும் வேண்டாம் என்றுதான் அழுத்துவார்கள். அதற்குக் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அக்காவைப் பிடித்தேன். மாத்திரை வாங்க வந்த ஒருத்தரையும் விடாமல் அவர்கள் போனை வாங்கி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்தி, எங்கள் பக்கத்தைத் திறந்து காட்டிக் கொடுத்தார்.

நான் பெருமைப்பட்டது மணியோசையைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் எழுப்பும் டிங் டிங் சத்தம் யாருக்கும் புரியாது என்று, அசல் போன் அடிப்பது போலவே ஒரு மணியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். டாக்டரம்மா கூப்பிட்டால் பேஷண்ட் போனில் அவர் படம் பெரிதாக வரும். கீழே எடுக்கப் பச்சை, கட் பண்ணச் சிவப்பு. ஆபீஸில் இருந்த பையன்களை மொட்டைமாடியிலும் பாத்திரக்கடையிலும் நிறுத்தி வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லோரும் எடுத்தார்கள். எடுக்காமல் என்ன, எடுக்கச் சொல்லித்தானே நிறுத்தியிருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் டாக்டரம்மா கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு, கட்டுப்போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டி, சாப்பாட்டு மேஜைமேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலையில் பூ வேறு. பேஷண்டுகளின் உடம்பு தெரியக் கூடாது என்று மகனைத் திரை தெரியாத எதிர் நாற்காலிக்கு விரட்டினார். நான் பக்கத்தில் லேப்டாப்போடு இருந்தேன். கம்பெனிகளில் போனைக் கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு ஷிப்ட் முடிந்ததும்தான் தருவார்கள் என்பதால், அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் நேரம் கொடுத்திருந்தோம்.

முதல் பேஷண்டைக் கூப்பிட்டார். மணி அடித்தது. கட். அழைப்பு முடிந்தது, நன்றி என்று டேப்லெட்டில் வந்தது. அந்த நன்றியை நான்தான் எழுதியிருந்தேன்.

கை தவறிப் பட்டிருக்கும் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதுவும் கட், நன்றி. அதற்கடுத்த ஆள் பாதி மணிகூட அடிக்க விடவில்லை. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் கட் பண்ணினார்கள். நெட்வொர்க் சரியில்லை என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். ஊரில் இந்தப் பொய்க்கு நல்ல மரியாதை உண்டு, ஆனால் எதிரே இருந்தவர் பெங்களூர்க்காரர். நெட்வொர்க் போனால் இப்படி ஆகாது, இது மனிதர்கள் கட் பண்ணுவது என்று மெதுவாகச் சொன்னார்.

டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. தலையிலிருந்த பூவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "திட்டித் திட்டி நானே ஓட்டிட்டேன்போல இருக்கு. எதிர்ல உட்கார்ந்தா தப்பிக்க வழியில்ல, கேட்டுக்கறாங்க. போன்ல சிவப்பு இருக்குது."

மகன் ஜெயித்த முகம் காட்டவில்லை. எழுந்து போய் அவருக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். வாரம் முடியட்டும் என்றுகூடச் சொன்னார். டாக்டரம்மாதான் கேட்கவில்லை. நாளைக்கு ஒரு சாயங்காலம் பார்ப்போம், அப்புறம் சாவியைக் கொடுத்துவிடு என்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ராத்திரிக்குள் கோபமாக மாறிவிட்ட அந்த வருத்தத்தோடு காலையில் ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்தால் பேச்சில் நிதானம் இருக்காது. அந்த அம்மா உங்களுக்காக இத்தனை வருஷம் ரயிலில் வந்து போனாரே, ஒரு போனை எடுக்க உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டுவிட வேண்டும். யாரைக் கேட்பது என்று மட்டும் யோசிக்கவில்லை.

கிளினிக் பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் சண்டைக்கு வந்திருந்தேன், அவர் எனக்கு முன்பே தயாராக இருந்தார்.

"இன்னாம்மா உள்ள போனை வெச்சிட்டுப் போய்ட்டீங்க? நேத்து சாயங்காலம் பூரா அடிச்சிக்கினே இருந்துச்சி. கட்டாவும், அடிக்கும், கட்டாவும், அடிக்கும். பேஜாராப் பூட்சி. யாருக்காவது உடம்புக்கு ஜாஸ்தியாய்ட்டா இன்னா பண்றது?"

கிளினிக்கில் ஒரு பழைய லேண்ட்லைன் உண்டு. மருந்துச் சீட்டில் அந்த நம்பரைத்தான் அச்சடித்திருப்பார்கள். டாக்டரம்மா இல்லாததால் டோக்கன் அக்கா முந்தின நாள் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார். நான் அக்காவைக் கூப்பிட்டு வரவழைத்தேன். அவர் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போடும்போதே போன் மறுபடி அடித்தது. நான்தான் எடுத்தேன். கை கொப்பளித்ததால் கம்பெனிக்கு லீவு போட்டிருந்த ஒரு பெண். டாக்டரம்மா இருக்காங்களா என்று கேட்டாள். நேற்று கூப்பிட்டபோது ஏன் கட் பண்ணினாய் என்று என் கோபத்தை எல்லாம் திரட்டிக் கேட்டேன்.

"அய்யோ, அவங்க கூப்ட்டு நாம எடுத்தா நல்லாவா இருக்கும்? காசு அவங்களுக்கு இல்ல போவும்? அதான் கட் பண்ணிட்டு நான் கூப்டலாம்னு பாத்தேன். அதுல நன்றின்னு வந்துச்சி, கூப்பிட எந்த பட்டனும் இல்ல. சரின்னு சீட்டுல இருக்கற நம்பருக்கு அடிச்சா யாருமே எடுக்கல. டாக்டரம்மாவுக்கு எங்க மேல கோவமா?"

நான் பேஷண்டுகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரியாத சங்கதியா? என் சித்தப்பா இன்றுவரை என் போனை எடுத்ததில்லை. கட் பண்ணிவிட்டுத் தானே கூப்பிட்டு, ம், சொல்லு என்பார். பெரியவர்கள் கூப்பிட்டாலும் கட், சின்னவர்கள் கூப்பிட்டாலும் கட், யாருக்குச் செலவு ஆகக் கூடாது என்று நினைக்கிறோமோ அவர்களை எல்லாம் கட் பண்ணுவோம். இப்போது மாசம் ஒரு தடவை ரீசார்ஜ் பண்ணினால் வாய் வலிக்கும்வரை பேசலாம். செலவு போய்விட்டது, மரியாதை போகவில்லை. என் அசல் மணியோசை மட்டும் இல்லாமல் கம்ப்யூட்டர் மாதிரி டிங் டிங் என்று அடித்திருந்தால் இவர்கள் குழம்பிப்போயாவது எடுத்திருப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் சாயங்காலம் கட்டாயம் பேசலாம் என்று சொல்லிவிட்டு, சண்டை போட முடியாத ஏமாற்றத்தோடு வேலூர் திரும்பினேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சாயங்காலம் பூராவா அடித்தது என்று கேட்டார். ஆமாம் என்றேன். பூட்டின ரூமிலா என்றார். ஆமாம் என்றேன். டீக்கடைக்காரர் என்ன சொன்னார் என்று மறுபடி முதலிலிருந்து கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க என்னைத் திட்டினார். கூப்பிட பட்டன் வைக்காமல் நன்றி சொல்லியிருக்கிறாயே, நீ படித்தவளா என்றார். எனக்கு உயிர் வந்தது.

சாயங்காலத்துக்குள் நன்றியைத் தூக்கிவிட்டு, கட் பண்ணினதும் 'டாக்டரம்மாவைக் கூப்பிட' என்று திரை அகலத்துக்கு ஒரு பட்டன் வைத்தேன். மகன் அதே எதிர் நாற்காலியில். டாக்டரம்மாவுக்குப் புதுப் பூ. முதல் அழைப்பு காலையில் பேசின அந்தப் பெண்ணுக்கு. மணி அடித்தது. கட். நான் மகனைப் பார்த்து, இருங்க சார் என்று கையைக் காட்டினேன். நான் நினைத்தபடியே டேப்லெட் கணீரென்று அடித்தது. அவள் பெயர் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு திமிராக நான் நாற்காலியில் சாய்ந்ததில்லை.

டாக்டரம்மா விரலை நீட்டிச் சிவப்பை அழுத்தினார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிதானமாக அவள் பெயரைத் தேடி மறுபடி கூப்பிட்டார். அவள் கட் பண்ணினாள். அவள் கூப்பிட்டாள், இவர் கட் பண்ணினார். இவர் கூப்பிட்டார், அவள் கட் பண்ணினாள். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே இரண்டு நல்ல மனசுக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி விடாமல் கட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பொறுக்க முடியாமல் ஏன் மேடம் கட் பண்றீங்க என்று கேட்டுவிட்டேன்.

"பாவம்மா அது. கை கொப்பளிச்சு லீவு போட்டு உட்கார்ந்திருக்கு. அதுக்கு எதுக்குச் செலவு, நானே கூப்பிடறேன்."

இது இன்டர்நெட், யாருக்கும் தனியாகச் செலவில்லை என்றேன். தெரியும்மா, எல்லாம் தெரியும், கை தானா போயிடுது என்றார். எதிர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மகன் முன்னால் நகர்ந்து, இரண்டு கையையும் மேஜைமேல் வைத்திருந்தார்.

"அம்மா, நான் கூப்பிட்டா கட் பண்றியே, அதுவும் இதுக்குத்தானா?"

"பின்னே எதுக்குடா? நீ அமெரிக்காவுல இருந்தப்ப நிமிஷத்துக்கு அவ்வளவு ஆகும்னு உங்கப்பா சொல்லுவார். கட் பண்ணிட்டு நான்தானே கூப்பிடுவேன்."

"நான் பெங்களூர் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சும்மா."

"ஆச்சுதான். திருப்பிக் கூப்பிட்டா நீ கட் பண்ணுவே. எடுத்தாலும் அப்புறம் பேசறேன்னு வெச்சிடுவே. எம்மேல ஏதோ கோபம்னு நினைச்சேன். சரி, பெரிய வேலையில இருக்கே, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

மகன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்கு அங்கே இருக்கக் கூச்சமாக இருந்தது. லேப்டாப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்தக் குறும்பு தோன்றியது. இந்த ஊரில் யாரும் வேண்டாம் என்று சிவப்பை அழுத்துவதில்லை. அப்படியானால் சிவப்புக்கு என்ன வேலை? இரண்டு பக்கமும் சிவப்பைச் சிவப்பாகவே விட்டுவிட்டு, அதை அழுத்தினாலும் குரல் மட்டும் சேரும்படி மாற்றினேன். படம் மட்டும் அவர்களாகக் கேட்டால்தான். நிஜமாகவே பேச வேண்டாம் என்கிறவர்களுக்கு ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன், 'இப்போது பேச வேண்டாம்' என்று. எந்தப் பாடப் புத்தகத்திலும் இப்படிச் செய்யச் சொல்லியிருக்காது. முதலாளியிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்தச் சின்னப் பட்டனை இதுவரை ஒருவரும் தொடவில்லை.

டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டார். அவள் வழக்கம்போலச் சிவப்பை அழுத்தினாள். மேடம் என்று பயந்த ஒரு குரல் மேஜைமேல் விழுந்தது. டாக்டரம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தார், அப்புறம் டேப்லெட்டைப் பார்த்தார். பிறகு களிம்பு போட்டியா, போடலையா என்று ஆரம்பித்தார். போடவில்லையாம். வீடு அதிர்ந்தது. மறுமுனையில் அவள் சந்தோஷமாக எல்லாவற்றுக்கும் ஆமாம் மேடம் என்றுகொண்டிருந்தாள். அடுத்த பெண் கம்பெனி பஸ்ஸிலிருந்தே படத்தைத் திறந்தாள். அவள் ஒரு கையைக் காட்ட, பின் ஸீட்டிலிருந்தும் பக்கத்து ஸீட்டிலிருந்தும் இன்னும் பல கைகள் வந்து திரையை அடைத்தன. ஒரு டோக்கனுக்கு ஒரு பேஷண்ட் என்று நான் எழுதியிருந்த விதியும் அதோடு போயிற்று.

நடுவில் கொஞ்சம் ஓய்ந்தபோது டாக்டரம்மாவின் சொந்த போன் அடித்தது. மகன் பெயர். அவர் வராந்தாவில்தான் நின்றிருந்தார், கதவு வழியாக முதுகு தெரிந்தது. டாக்டரம்மாவின் விரல் பழக்கம்போலச் சிவப்புக்குப் போய், கட் பண்ணிவிட்டது. செய்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனே திருப்பிக் கூப்பிட்டார். வராந்தாவில் மணி முழுதாக ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

"சொல்லும்மா."

"என்னத்தைச் சொல்றது? நீதானேடா கூப்பிட்டே."

"சும்மாதான். கால் சரியானதும் ஆம்பூருக்கு நீயே போய்ப் பாரு. அதுவரைக்கும் இதுல பாரு. நான் சாவி எல்லாம் கேக்க மாட்டேன்."

அதற்குள் டேப்லெட்டில் அடுத்த பெயர் அடிக்க ஆரம்பித்தது. பேஷண்ட்டா, வெச்சிடட்டுமா என்று டாக்டரம்மா கேட்டார். வராந்தாவிலிருந்த முதுகு திரும்பவில்லை. நீ பேஷண்டைப் பாரும்மா, எனக்கு இன்னைக்கு மீட்டிங் இல்ல என்ற பதில் போனிலும் வராந்தாவிலும் ஒன்றாகக் கேட்டது. டாக்டரம்மா சரிடா என்றார். போனைக் கட் பண்ணாமல் அப்படியே மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, டேப்லெட்டில் சிவப்பை அழுத்தினார். மேடம் என்றது அடுத்த குரல்.